ஆச்சி வீட்டுச் சுவருக்கு ஒரு நிறம்

அன்புள்ள இலஞ்சி வாசகிக்கு,

சிம்ஸ் 4 ஆட்டத்தில் ஆச்சி வீட்டைக் கட்டிப் பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தார்சா என்னும் முன்கூடம் வந்தது, பட்டாசல் என்னும் உள்கூடம் வந்தது, வானவெளி என்னும் திறந்த முற்றம்கூட ஒருவழியாக வந்துவிட்டது, சுவரின் நிறம் மட்டும் வரவே இல்லை என்று. சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த அந்த வெளிறிய நிறத்தைத் தேடி, ஆட்டம் காட்டிய ஒவ்வொரு சுவர்த்தாளையும் சுவரில் ஏற்றிப் பார்த்திருக்கிறீர்கள். எதுவும் ஒட்டவில்லை. முன்பு அண்ணனின் கணினியில் சிம்ஸ் 3 ஆடியபோது இந்தக் கஷ்டம் இருந்ததே இல்லை என்கிறீர்கள். கடைசியில், "ஒரு விளையாட்டுக்காக இவ்வளவு வருத்தப்படலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

படலாம். உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அதே ஏமாற்றத்தைப் பத்தாண்டுகளாகச் சுமக்கும் பலரில் நானும் ஒருவன் என்பதால், உங்களுக்கு மட்டும் தனியாகப் பதில் போடாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிம்ஸில் வெற்றி தோல்வி கிடையாது. ஒரு குடும்பத்தை உருவாக்கி, அதற்கு வீடு கட்டி, அவர்கள் சமைப்பதையும் சண்டையிடுவதையும் வேலைக்குப் போவதையும் கவனித்துக்கொண்டிருப்பதுதான் ஆட்டம். 2009 ஜூனில் வந்த சிம்ஸ் 3இல் 'கிரியேட் எ ஸ்டைல்' என்றொரு கருவி இருந்தது. வீட்டில் உள்ள ஏறக்குறைய எந்தப் பொருளையும் தொட்டு, நிறச்சக்கரத்திலிருந்து விரும்பிய நிறத்தை அதற்குக் கொடுக்கலாம். நாற்காலியின் சட்டத்துக்கு ஒரு நிறம், இருக்கைக்கு இன்னொன்று. ஒரு பொருளில் பிடித்துப்போன கோலத்தை அப்படியே இழுத்துத் திரைச்சீலையில் விடலாம். தரை, கதவு, தலைமுடி எதற்கும் விலக்கில்லை. அதே ஆண்டின் இறுதியில் 'கிரியேட் எ வேர்ல்ட்' என்ற துணைக்கருவியையும் கொடுத்தார்கள். மலையும் ஆறும் தெருவும் வரைந்து ஓர் ஊரையே உருவாக்கிக்கொள்ளலாம். பொறுமை இருந்தால் உங்கள் ஊர்ப்பக்கத்துக் குற்றாலமலையின் அடிவாரத்தையும் சிற்றாற்றின் வளைவையும் அதில் கொண்டுவந்திருக்க முடியும்.

2014 செப்டம்பரில் சிம்ஸ் 4 வந்தபோது இவை அத்தனையும் போய்விட்டன. நிறச்சக்கரம் இருந்த இடத்தில் சின்னச் சின்ன நிறக்கட்டங்கள் வந்தன. ஒரு சோபாவுக்கு ஏழெட்டு நிறம் என்றால் அந்த ஏழெட்டுதான். உங்களுக்குத் தேவையான மரநிறம் கட்டிலில் இருக்கும், பக்கத்து அலமாரியில் இருக்காது. சிம்ஸ் 3இல் தடையின்றி நடமாட முடிந்த திறந்த ஊரும் போயிற்று. திண்ணையில் இருப்பவர் எழுந்து எதிர்வீட்டுக்குள் போகவேண்டுமானால் திரை மறைந்து, காத்திருந்து, வேறு வீடு தோன்றவேண்டும். வெளியான நாளில் நீச்சல்குளமும் இல்லை, தவழ்ந்து நடக்கும் பருவத்துக் குழந்தைகளும் இல்லை.

தயாரித்தவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லவேண்டும். சிம்ஸ் 3 கணினியைத் திணறடித்த ஆட்டம். ஒவ்வொரு பொருளுக்கும் ஆடுபவர் தந்த நிறத்தையும் கோலத்தையும் நினைவில் வைத்து, ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் ஓட்டவேண்டியிருந்தது. 32 பிட் நிரலாக இருந்ததால் அதற்குக் கிடைத்த நினைவகத்துக்கு ஓர் எல்லை உண்டு. குடும்பம் பெருகப் பெருக ஆட்டம் தடுக்கித் தடுக்கி நடக்கும். சிம்ஸ் 4 சாதாரண மடிக்கணினியிலும் சரளமாக ஓடுகிறது. தென்காசி மாதிரி ஊரில், கல்லூரிக்கென்று வாங்கிய கணினியில்தான் பலரும் ஆடுகிறார்கள்; அவர்களுக்கு இது பெரிய உதவி. சுவர்களை இழுத்து அறையைப் பெரிதாக்குவதும், முகத்தைக் களிமண் பிசைவதுபோலப் பிடித்து வடிப்பதும் புதிய ஆட்டத்தில்தான் வந்தன. 2020 நவம்பரில் இலவசமாக வந்த மேடைக்கருவி இல்லையென்றால் உங்கள் திண்ணையும் உயர்ந்திருக்காது, வானவெளியும் தாழ்ந்திருக்காது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நீச்சல்குளம் 2014 நவம்பரிலேயே திரும்பி வந்துவிட்டது. குழந்தைகள் 2017 ஜனவரியில் வந்தார்கள். நிலத்தை மேடுபள்ளமாக்கும் வசதி 2018இல் வந்தது. ரசிகர்கள் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக வாங்கினார்கள். நிறச்சக்கரமோ இன்றுவரை வரவில்லை. கணினிகள் எவ்வளவோ வலுப்பெற்றுவிட்ட பிறகும் 2014இன் காரணத்தையே ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு வீடு போனதால்தான். சிம்சிட்டியை 1989இல் உருவாக்கிய வில் ரைட்டின் வீடு 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து காட்டுத்தீயில் எரிந்துபோனது. திரும்ப வீடு அமைக்கும்போது, ஒரு மனிதனுக்கு என்னென்ன பொருள் எதற்காக வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினார். கட்டடக்கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் சகாக்களும் 1977இல் எழுதிய 'எ பேட்டர்ன் லாங்குவேஜ்' என்ற நூலும் அவருக்குத் தூண்டுதல். குடியிருப்பவர்களே தங்கள் வீட்டையும் தெருவையும் வடிவமைக்கமுடியும், வடிவமைக்கவேண்டும் என்பது அந்நூலின் அடிப்படை. முதலில் அவர் செய்ய நினைத்தது வீடு கட்டும் ஆட்டம். கட்டிய வீடு வசதியானதா என்று சொல்வதற்காகத்தான் அதற்குள் சின்ன மனிதர்களை விட்டார். 2000 பிப்ரவரியில் வெளியானபோது அந்த மனிதர்களே ஆட்டமாகிவிட்டார்கள். வரும் ஆவணியில் இடிக்கப்போவதாக நீங்கள் எழுதியிருக்கும் ஆச்சி வீட்டைத் திரைக்குள்ளாவது நிறுத்திவைக்க முயலும் நீங்கள், ஆட்டத்தின் மூல நோக்கத்துக்குத் தயாரிப்பாளர்களைவிடப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

உங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் கணினி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வீடு கட்டும் ஆட்டத்தை ஆடியவர்கள். மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாணிப்பிள்ளையார் பிடித்துப் பூசணிப்பூ வைத்து, அதை எருவாகத் தட்டிச் சேர்த்து, தைப்பொங்கல் கழிந்ததும் முற்றத்தில் களிமண்ணால் சிறுவீடு கட்டுவார்கள். அதில் வாசல் இருக்கும், அடுக்களை தனியாக இருக்கும். சிறுவீட்டுப் பொங்கல் அங்கே பொங்கும். பிறகு எருவை ஆற்றில் விடுவார்கள். அந்தக் குட்டிச்சுவருக்குச் சுண்ணாம்பா காவியா, கோடு நேராகவா வளைவாகவா என்று முடிவுசெய்தது அந்தப் பிள்ளைகளின் விரல்கள். குற்றாலத்தில் சித்திரசபைக்குப் போயிருப்பீர்கள். நடராசரின் ஐந்து சபைகளில் அங்கே மட்டும்தான் கூத்தன் சுவரோவியமாக நிற்கிறான். மூலிகை நிறங்களில் தீட்டிய சுவர்கள்தான் அங்கே எல்லாமும். நிறத்தை இவ்வளவு மதித்த ஊரிலிருந்து வரும் ஒருத்தி, இருபது கட்டங்களுக்குள் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள் என்று சொன்னால் எப்படி ஒத்துக்கொள்வாள்?

என் வாதம் இதுதான். நிறச்சக்கரத்தை அலங்கார வசதி என்று நினைத்து எடுத்துவிட்டார்கள். தொலைவில் இருக்கும் ஊர்களுக்கு அது நுழைவாசல். கலிபோர்னியாவில் உட்கார்ந்து பொருள்களை வரைபவருக்குக் கோயில் மதிலின் காவி வெள்ளைப் பட்டை தெரியாது. தெரியவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கவும் முடியாது. சிம்ஸ் 3இல் அவருக்குத் தெரிந்திருக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. கோடுபோட்ட சுவர்த்தாள் ஒன்று இருந்தால் போதும், நிறத்தை மாற்றிக் கோயில் தெருவாக்கிவிடலாம். காவித்தரைக்கும் அப்படித்தான். சக்கரத்தை எடுத்தவுடன், அவர் எண்ணிப்பார்த்த உலகம் மட்டுமே ஆட்டத்தில் மிஞ்சியது.

தோல் நிறத்தில் இது எவ்வளவு வலித்தது என்பதை நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். தொடக்கத்தில் கருநிறங்கள் மிகக் குறைவு. இருந்தவையும் சாம்பல் பூத்ததுபோல் இருந்தன. உலகெங்கும் கறுப்பின ஆட்டக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பிறகு 2020 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட புதிய தோல்நிறங்களும், அவற்றைக் கூட்டிக் குறைக்கும் வசதியும் வந்தன. உங்கள் ஆச்சியின் நிறம் அந்த நாளுக்குப் பிறகுதான் ஆட்டத்துக்குள் வந்தது. கூட்டிக் குறைக்கும் வசதியைத் தோலுக்குத் தர முடிந்தவர்கள் சுவருக்கும் துணிக்கும் ஏன் யோசிக்கவில்லை?

நுழைவாசலை மூடிய பிறகு விற்பனை தொடங்கியது. 2021 அக்டோபரில் மும்பைத் தெருக்களை மனத்தில் வைத்து 'ஃபேஷன் ஸ்ட்ரீட்' என்ற ஆடைத்தொகுப்பு வந்தது, தனி விலை. நம் பக்கத்து வளவுபோல ஒரே மனையில் பல குடித்தனங்களை வைக்க 2023 டிசம்பரில் வந்த 'ஃபார் ரென்ட்' வேண்டும், அதற்கும் விலை. அதில் வரும் ஊர் தென்கிழக்காசிய நகரச் சாயலில் இருக்கிறது, அழகாகவே இருக்கிறது. 2022 அக்டோபரில் அடிப்படை ஆட்டத்தை இலவசமாக்கினார்கள் என்பது உண்மை. ஆனால் கூடுதல் தொகுப்புகள் எல்லாவற்றையும் வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. எங்களுக்கும் ஒரு தமிழ்நாட்டுத் தொகுப்பு போடுங்கள் என்று கேட்கலாம் என்கிறீர்கள். எனக்கு அதில் விருப்பம் குறைவு. வந்தாலும் வேறொருவர் தேர்ந்தெடுத்த தமிழ்நாடாகத்தான் அது இருக்கும்: நாலு பட்டுச்சேலை, ஒரு குத்துவிளக்கு. இலஞ்சியின் ஒரு வீட்டுச் சுவர் அதில் இருக்காது. நாம் கேட்கவேண்டியது சக்கரத்தை.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலைப் பதினைந்தாம் நூற்றாண்டில் எடுத்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இக்கோயிலைப் பழுதுபார்த்துக் காப்பவர்களை வணங்குவதாகப் பாட்டாகவே கல்லில் வெட்டிவைத்தான். சிதைந்து மொட்டையாக நின்ற அக்கோயிலின் ராஜகோபுரம் 1990இல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. முன்னவர் கொடுத்ததைக் குறையாமல் கைமாற்றுவது அடுத்து வருபவரின் கடமை என்ற எண்ணம் நம் ஊரில் அப்படிக் கல்லிலேயே இருக்கிறது. நாலாம் பாகம் என்று பெயரிட்டு வரும் ஆட்டத்திடம் மூன்றாம் பாகத்தின் கொடையை எதிர்பார்ப்பது பேராசை ஆகாது.

வேறு ஆட்டம் உண்டா என்றும் கேட்டிருந்தீர்கள். நம்மூர்ப் பையன்கள் ஆடும் பிஜிஎம்ஐயின் நிறுவனமான தென்கொரியாவின் கிராஃப்டன், 2025 மார்ச்சில் 'இன்சோய்' என்ற ஆட்டத்தை முன்னோட்டப் பதிப்பாக வெளியிட்டது. நிறமும் கோலமும் நம் கையில்; சொந்தப் படத்தைக்கூடத் துணியில் ஏற்றலாம். ஆனால் அது கேட்கும் கிராபிக்ஸ் கார்டு உங்கள் மடிக்கணினியில் இருக்காது. பாரடாக்ஸ் நிறுவனம் அறிவித்திருந்த 'லைஃப் பை யூ' 2024இல் வெளிவராமலே கைவிடப்பட்டது. 2019இல் அறிவிக்கப்பட்டு, கனடாவில் ஒரு சிறு குழு உருவாக்கிய 'பாராலைவ்ஸ்' ஆட்டத்தில் நிறச்சக்கரம் தொடக்கத்திலிருந்தே பேசப்பட்டது. என் நம்பிக்கை இப்போதைக்கு அதன்மேல்தான்.

ஆனால் ஆவணி வரை உங்களுக்கு இருப்பது சிம்ஸ் 4தான். ரசிகர்களே உருவாக்கி இலவசமாகத் தரும் 'சிம்ஸ் 4 ஸ்டுடியோ' என்ற நிரல் இருக்கிறது. ஆட்டத்தில் உள்ள ஒரு சுவர்த்தாளைப் பிரதியெடுத்து, அதன் படத்தை நீக்கிவிட்டு உங்கள் படத்தை வைக்கலாம். புகைப்படத்தை ஒழுங்குபடுத்தத் தெரிந்திருந்தால் போதும், நிரல் எழுதவேண்டியதில்லை. நிறச்சக்கரத்தில் ஒரு நொடியில் முடிந்த வேலைக்கு ஒரு மாலை போகும். ஆட்டம் புதுப்பிக்கப்படும்போது சில சமயம் மறுபடி சரிபார்க்கவேண்டியும் வரும். அந்த உழைப்பை நிறுவனம் உங்கள்மேல் சுமத்தியிருக்கக்கூடாது. ஆனாலும் செய்யுங்கள்.

சுவரைப் படம் எடுக்கும்போது சிலவற்றைக் கவனியுங்கள். சுவருக்கு நேர் எதிரே, செங்குத்தாக நின்று எடுக்கவேண்டும். ஃபிளாஷ் வேண்டாம். படத்தின் இடது ஓரமும் வலது ஓரமும் அடுத்தடுத்து வரும்போது பொருந்தவேண்டும் என்பதால், பெரிய கறையோ ஆணித்துளையோ இல்லாத பகுதியாகப் பாருங்கள். தார்சாச் சுவர், பட்டாசல் சுவர், அடுப்படியில் புகை படிந்த சுவர் மூன்றையும் தனித்தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். நீலம் ஒவ்வொன்றிலும் வேறாக இருக்கும். ஒரு வெள்ளைத்தாளைச் சுவரில் ஒட்டி இன்னொரு படமும் எடுத்துவைத்தால் பிறகு நிறத்தைத் திருத்த உதவும். வெயில் நேரத்தில் எடுத்தால் ஓட்டின் நிழல் சுவரில் விழுந்து, ஆட்டத்துக்குள் எந்தப் பக்கம் விளக்கு வைத்தாலும் அந்த நிழல் நகராமல் நிற்கும். இப்போது சாரல் காலம், மேகமூட்டமாகத்தான் இருக்கும். காலை பத்து மணிவாக்கில், சாரல் சற்று ஓய்ந்ததும் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்