ஆறிய வடுவும் ஆறாத புண்ணும்

புண் என்பது நோய். வடு என்பது அந்நோய் நீங்கியதன் அடையாளம். நம் மொழி இரண்டையும் இவ்வாறு பிரித்தே வழங்குகின்றது. ஆயினும், ஆறிய வடு மீண்டும் புண்ணாவதும், அரிதாகப் புற்றாவதும் உண்டு. வன்னியிலே வடுப்பட்டோர் பலர். ஆதலின் இப்பொருளை நம் கல்லூரிப் பழைய மாணவர் முன் வைக்கத் துணிந்தோம். யாம் வைத்தியர் அல்லேம். கற்றதைத் தெளிவாய்ச் சொல்லுதல் ஆசிரியர் கடன்.

சென்ற ஆண்டு எம் மாணவராயிருந்த ஒருவரின் கெண்டைக்காலிலே துணிக்கட்டு ஒன்றைக் கண்டு வினவினோம். “பழைய ஷெல் காயந்தானே, சேர்” என்றார். சத்திரசிகிச்சையால் ஆறிய அத்தழும்பு எட்டு மாதமாய்க் கசிந்துகொண்டிருந்தது. வற்புறுத்தி வைத்தியசாலைக்கு அனுப்பினோம். புற்றெனக் கண்டு, சுற்றியுள்ள நல்ல தசையிலும் சிறிது சேர்த்து வெட்டி அகற்றினர், கால் தப்பியது.

இஃது இன்று புதிதாய் அறியப்பட்டதன்று. பிரான்சு நாட்டுச் சத்திரவைத்தியர் மார்ஜொலன் என்பார் 1828 இல் பழைய வடுக்களில் எழும் புண்களை விவரித்தார். வடுவிலே தோன்றும் தோற்புற்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. காசுமீர மக்கள் ‘காங்கிரி’ என்னும் தணற்சட்டியை ஆடையினுள் வைத்துக் குளிர்காய்வர். வயிற்றிலும் தொடையிலும் பலகாற் சூடுபட்ட தோலிற் புற்றுண்டாதலை எல்ம்சிலி என்னும் வைத்தியர் 1866 இல் எழுதினார்.

காரணம் யாதெனின், வடுவிலே குருதிக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் குறைவு. உடலின் காவலும் அங்கே குறைவு. அவ்விடம் வெடிப்பதும் ஆறுவதுமாய் இருப்பின், கலங்கள் ஓயாது பிரிகின்றன. பிரிவு மிகுந்தவிடத்துப் பிழையும் மிகும்.

இவ்வகைப் புற்றிற் பெரும்பாலானது தோலிலிருந்து எழுவது. எரிகாய வடுக்களில் மிகுதி. தசை, கொழுப்பு, நார் ஆகிய மென்னிழையங்களில் எழும் ‘சார்க்கோமா’ வடுக்களில் மிக அரிது. மார்புப் புற்றுக்குச் சத்திரசிகிச்சை பெற்று, நெடுநாள் வீங்கியிருந்த கையில் இத்தகைய புற்று எழுதலை ஸ்டுவர்ட், டிரீவ்ஸ் என்னும் இருவர் 1948 இல் விளக்கினர். வயிற்றுத் தழும்பில், சிறப்பாக மகப்பேற்றின்பின் பெண்டிர்க்கு, ‘டெஸ்மொயிட்’ என்னும் கட்டி தோன்றுவதுண்டு. அது தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவாது. அயலிலுள்ள தசையைத் துளைத்துச் செல்லும்.

இனி நம் நிலத்தை நோக்குவோம். மின்சாரமற்ற போர்க்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கு கவிழ்ந்து எரிந்தோர் உளர். 2009 வரை ஷெல் வீச்சிற் காயமுற்று, அவசரத்திற் சத்திரசிகிச்சை பெற்றோர் பலர். எரிகாய வடு புற்றாக எடுக்கும் காலம் சராசரி 30 ஆண்டு என்பர். சிலர்க்கு முன்னரும் வரலாம். 2009 இற் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு 2039 இல் நாற்பது வயது. ஆகவே, கவனிக்க வேண்டிய ஆண்டுகள் இனித்தான் வருகின்றன.

அறிகுறிகள் நான்கு: வடுவிலே ஒரு மாதத்தில் ஆறாத புண், தடித்து உயர்ந்த விளிம்பு, குருதியும் துர்நாற்றமும், வளர்ந்து வரும் கட்டி. ஐந்து சென்ரிமீற்றரின் மிக்க கட்டியும், ஆழத்திலே பதிந்த கட்டியும் தாமதமின்றிக் காட்டற்குரியன.

எல்லாக் கட்டியும் புற்றன்று. வடுவின் எல்லை கடந்து தடிக்கும் ‘கெலொயிட்’ புற்றன்று. இருமும்பொழுது புடைப்பது குடலிறக்கமாகலாம். சிசேரியன் தழும்பில் மாதவிடாய்தோறும் நோவும் கட்டி கருப்பை உட்சவ்வின் இழையமாகலாம். இவற்றைக் கண்ணாற் பார்த்து முடிவுகட்டல் ஒண்ணாது. சிறு துண்டெடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்தலே வழி. ஒருமுறை புற்றில்லையென வந்தும் புண் ஆறாதாயின் மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளில் முதலிற் காட்டலாம். புற்றெனின் தெல்லிப்பளையிலும் மகரகமையிலும் சிகிச்சை உண்டு. வடுவுடையோரில் மிகப் பெரும்பாலோர்க்கு இந்நோய் வாராது. ஆதலின் அஞ்ச வேண்டா. மாதமொருமுறை குளிக்கும்பொழுது வடுவைத் தடவிப் பார்த்தல் போதும். அன்பர்காள், இதனை வாசித்தபின் வீட்டிலுள்ள முதியோரிடமும் ஒருமுறை வினவுங்கள். “பழசுதானே” என்று அவர்கள் மறுமொழி கூறின், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.