இராமானுஜனின் பயண ஏற்பாடு

கோடை விடுமுறையில் தொழிற்பயிற்சி பெறுதற்பொருட்டுத் திருவண்ணாமலையினின்று சென்னைக்குப் புறப்படும் மாணவன், உடையும் நூலும் சான்றிதழும் பெட்டியில் அடுக்குகிறான். தாய் ஊறுகாய் எடுத்து வைக்கிறாள். ஆயினும், பெட்டியில் அடங்காத ஏற்பாடுகளும் சில உள. கணித மேதை இராமானுஜனின் வரலாறு அவற்றைக் காட்டும்.

திருவண்ணாமலைக்குத் தெற்கே, தென்பெண்ணையாற்றின் கரையில் திருக்கோவிலூர் உள்ளது. 1910-ஆம் ஆண்டில் இராமானுஜன் எழுத்தர் வேலை நாடி அவ்வூருக்கு வந்தார். அங்குத் துணை ஆட்சியராயிருந்த இராமசாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகம் தோன்றக் காரணமானவர். இளைஞரின் குறிப்பேடுகளைக் கண்ட அவர், இத்தகைய அறிவைக் கடைநிலை வேலையில் முடக்குதல் தகாது எனக் கருதி, அறிமுகக் கடிதங்கள் தந்து சென்னைக்கு அனுப்பினார். அவ்வழி நான்கே ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் வரை நீண்டது.

1914-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்க முன்வந்தது. அதில் 50 பவுன் இராமானுஜனின் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது. வீட்டில் அடுப்பெரியுமோ என்னும் கவலையுடன் கடல் கடப்பவர்க்குக் கணக்கில் மனம் செல்லுமோ?

பிற ஏற்பாடுகள் அவருக்கு எளியவையாக இல்லை. மேனாட்டு உடை அணியப் பழகினார். கத்தியும் முட்கரண்டியும் கொண்டு உண்ணக் கற்றார். புலால் உண்ணாதவராதலின், காய்கறிகளைக் கொண்டே அப்பயிற்சி நடந்தது. குடுமியையும் களைய வேண்டியிருந்தது. அக்கோலத்தைத் தாயும் மனைவியும் காணலாகாது என்று, அவர்களை முன்னரே கும்பகோணத்துக்கு அனுப்பிவிட்டார். மார்ச்சுத் திங்கள் 17-ஆம் நாள் 'நெவாசா' என்னும் கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு சென்னையை விட்டு நீங்கியது.

இவ்வளவும் பிறர் கண்ணுக்குப் புலப்படும் ஏற்பாடுகளே. தனியறையில் இரவைக் கழிக்கும் வகையை எவரும் அவருக்குச் சொல்லவில்லை போலும். பின்னாளில் புள்ளியியல் அறிஞராய்ப் புகழ்பெற்ற மகலனோபிசு, அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்தார். குளிர்காலத்தில் ஒருநாள் இராமானுஜனைக் காணச் சென்றவர், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்தே உறங்குவதாகவும், அவ்வாறிருந்தும் குளிர்வதாகவும் இராமானுஜன் கூறினார். மகலனோபிசு படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் போதிய அளவில் இருந்தன. அவை மெத்தையின் அடியில் இறுகச் செருகப்பட்டு, மேல்விரிப்பால் மூடப்பட்டிருந்தன. இராமானுஜன் அவற்றின் மேலேயே நாள்தோறும் படுத்து வந்தார். மகலனோபிசு விரிப்பை விலக்கி, கம்பளிகளின் இடையே நுழைந்து படுக்கும் முறையைக் காட்டினார்.