பில்லில் இரண்டு வரி: யாரிடம் போய் நிற்பது?

காலேஜ் வாசலில் இருக்கிற ஹோட்டலில் 200 ரூபாய்க்குச் சாப்பிட்டிருப்பீங்க. அந்த பில்லை ஒரு தடவை நிதானமா பாருங்க. அடியில் சி.ஜி.எஸ்.டி. 5 ரூபாய், எஸ்.ஜி.எஸ்.டி. 5 ரூபாய் என்று தனித்தனியா இருக்கும். முதல் 5 ரூபாய் மத்திய அரசுக்கு, அடுத்த 5 ரூபாய் தமிழ்நாடு அரசுக்கு. 2017 ஜூலை 1 முதல் இதுதான் முறை.

தமிழ்நாட்டில் மாநில அரசு சார்பில் இந்த வேலையைப் பார்ப்பது வணிகவரித் துறை. நம்மில் பலர் ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்தே வெப்சைட் செய்து கொடுத்து சம்பாதிக்கிறோம். சிலர் படிப்பு முடிந்ததும் கம்பெனி தொடங்கப் போறோம். அப்போ எந்த ஆபீஸ் எந்த வேலையைச் செய்யுது என்று தெரியாமல் இருந்தால் கையில் இருக்கும் காசுதான் போகும்.

விகிதத்தை முடிவு செய்வது யார்?

வரி விகிதத்தை வணிகவரித் துறை தானாக மாற்ற முடியாது. ஜி.எஸ்.டி. கவுன்சில் பரிந்துரை செய்யும். மத்திய நிதியமைச்சர் அதற்குத் தலைவர், மாநில அமைச்சர்கள் உறுப்பினர்கள். ஓட்டு மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு மத்திய அரசுக்கு, மீதி எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்க: எல்லா மாநிலமும் ஒன்று சேர்ந்தாலும் 66.7 சதவீதம்தான், 75-ஐத் தொடாது. மத்திய அரசு மட்டும் என்றால் 33.3. ஒருத்தரை விட்டுவிட்டு இன்னொருத்தர் எதையும் முடிவு செய்ய முடியாது.

கடைக்காரர் யாருக்குப் பதில் சொல்லணும்?

வரி இரண்டு அரசுக்கும் போகுது என்பதால் ஒரு கடைக்காரர் இரண்டு ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்குக் கீழே உள்ளவர்களில் 90 சதவீதம் பேரை மாநிலமும் 10 சதவீதம் பேரை மத்திய அரசும் கவனிப்பது என்று 2017-ல் பிரித்துக்கொண்டார்கள். அதற்கு மேல் உள்ளவர்களில் பாதிப் பாதி. ஒரு விஷயத்தில் ஒரு தரப்பு நடவடிக்கை தொடங்கிவிட்டால், அதே விஷயத்தில் இன்னொரு தரப்பு தொடங்கக் கூடாது என்பதும் சட்டம்.

ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கினால் மாநில ஆபீஸ் என்று நினைச்சுடாதீங்க. தமிழ்நாட்டில் பதிவானது என்பதை மட்டும்தான் அது சொல்லும். அடுத்த 10 எழுத்து பான் எண். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் எந்த ஆபீஸ் என்பது தெரிஞ்சிடும்.

துறைக்குள்ளே என்ன பிரிவு?

ஆணையர் அலுவலகம் சென்னை சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கு. அதற்குக் கீழே இணை ஆணையர் தலைமையில் கோட்டங்கள். அடிமட்டத்தில் இருப்பது வரிவிதிப்பு வட்டம். அங்கே உதவி ஆணையரோ மாநில வரி அலுவலரோ இருப்பார். பதிவு, ரிட்டர்ன் பரிசோதனை, பாக்கி வசூல் எல்லாம் இங்கேதான். வரி ஏய்ப்பைத் தேடிப் போவது நுண்ணறிவுப் பிரிவு. மேல்முறையீட்டைக் கேட்பவர் தனி அதிகாரி. ஆணை போட்டவரே அதன் மேல் வரும் புகாரையும் விசாரித்தால் நியாயம் எப்படிக் கிடைக்கும்?

பெட்ரோல், டீசல், மது மூன்றும் இன்னும் ஜி.எஸ்.டி.க்கு வெளியேதான். அவற்றின் மேல் வாட் வசூலிப்பதும் இதே துறை. ஆனால் சொத்து வரிக்கும் தொழில் வரிக்கும் உள்ளாட்சி அமைப்பு, வாகன வரிக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ், முத்திரைத் தீர்வைக்குப் பதிவுத் துறை.

நமக்கு எங்கே சிக்கல் வரும்?

சேவை வழங்குபவரின் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். பதிவு செய்த பிறகு நோட்டீஸ் தபாலில் வரும் என்று காத்திருக்காதீங்க. இணையதளத்தில் உங்க கணக்கில் ஏற்றுவதும் சட்டம் ஏற்றுக்கொண்ட முறைதான். ரிட்டர்ன் போட மட்டும் லாகின் செய்பவர் அதைக் கவனிக்காமல் விட்டால், பதில் இல்லாமலே ஆணை வந்துவிடும். மேல்முறையீடு செய்ய மூன்று மாதம்தான். தகுந்த காரணம் இருந்தால் கூடுதலாக ஒரு மாதம் கிடைக்கலாம். அதற்கும் பிரச்சினையில் உள்ள வரியில் 10 சதவீதத்தை முதலில் கட்டணும். அதனால மாதம் ஒரு தடவையாவது நோட்டீஸ் பகுதியைத் திறந்து பாருங்க. ஆடிட்டர் பார்த்துக்குவார் என்று விட்டுடாதீங்க.

கம்பெனி தொடங்க இன்னும் நாள் இருக்கு என்பவர்கள் இன்னிக்குச் சாப்பிடப் போறப்போ ஒன்று செய்யுங்க. பில்லில் 15 எழுத்து ஜி.எஸ்.டி. எண் இருக்கா பாருங்க. எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் தயங்காமல் கேளுங்க. பதிவு இல்லாதவர் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. அரசுக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த 10 ரூபாயை நாம எதுக்குக் கொடுக்கணும்?