ஒழுங்கை எங்கே முடிகிறது?

கொழும்பு புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் நடந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தெருவை லொறி மறித்து நின்றால் அடுத்த தெருவால் போய்விடலாம். ஒல்லாந்தர் காலத்திலிருந்து வந்த அமைப்பு அது. கட்டடங்கள் எத்தனையோ முறை மாறிவிட்டன; தெருக்களின் போக்கு மாறவில்லை.

இனி ஹைலெவல் வீதியால் மஹரகம, கொட்டாவப் பக்கம் வாருங்கள். தோட்டக்காணியாக இருந்த நிலத்தின் நடுவே உரிமையாளர் ஓர் ஒழுங்கை விட்டு, இருபுறமும் துண்டு பிரித்து விற்கிறார். ஒழுங்கை அவருடைய எல்லை மதிலோடு முடிகிறது. பக்கத்துக் காணிக்காரரும் சில வருடங்களின் பின் அதையே செய்கிறார். பின்மதில் ஒன்றாக இருக்கும் இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் சந்திக்கப் பெருவீதிவரை சென்று திரும்ப வேண்டும். வாகனம் உள்ளவருக்கு இது சிறு தொல்லை. பாடசாலைப் பிள்ளைக்கும் முதியவருக்கும் அப்படியல்ல. எல்லா ஒழுங்கைகளும் ஒரே வீதியில் கொட்டுவதால் பஸ்ஸும் அங்கே நெரிசலில் நிற்கிறது.

இதை அளக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு சந்தியிலும் எத்தனை தெருக்கள் கூடுகின்றன என்று எண்ணுவது: நாற்சந்திக்கு 4, முச்சந்திக்கு 3, முட்டுத்தெரு முனைக்கு 1. சராசரி குறையக் குறைய, ஊர் பரந்தும் துண்டுபட்டும் போகிறது எனக் கொள்ளலாம். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-போல் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தெருக்களை இவ்வாறு ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். அங்கே 1930களில் மத்திய வீடமைப்பு நிர்வாகமே முட்டுத்தெருக்களைச் சிபாரிசு செய்திருந்தது. புதிய தெருக்களின் இணைப்பு ஏறக்குறைய 1994வரை மோசமாகி, அதன்பின் மெல்லத் திருந்தியது. திருந்தியவை புதிய தெருக்களே என்பதைக் கவனியுங்கள். பழையவை பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. வீடு எழும்பிய பின் மதிலை யார் உடைப்பார்?

2009இல் வேர்ஜினியா மாநிலம், அயலோடு போதிய இணைப்பில்லாத புதுத் தெருக்களைப் பராமரிக்கப் பொறுப்பேற்பதில்லை என விதித்தது. காணி விற்போரின் எதிர்ப்பு எங்கும் உண்டு. 2011இல் விதி தளர்ந்தது.

முட்டொழுங்கையில் குடியிருப்போர் அதன் அமைதியை விரும்புவது நியாயமே. அதற்காக வழியை முழுதாக அடைக்க வேண்டியதில்லை. வாகனத்தை மறித்து, ஆளும் சைக்கிளும் போகுமளவுக்கு ஆறடிப் பாதை விட்டாலே போதும். ஆனால் நில அளவையாளர் வரைபடம் கீறும் நாளிலேயே அது எல்லைவரை கீறப்பட்டு, உறுதியிலும் பொதுவழி என எழுதப்படவேண்டும். உங்கள் ஊரில் வயலோரக் காணி துண்டாடப்படும்போது, பிரதேச சபையில் முதலில் கேட்க வேண்டியது ஒழுங்கையின் அகலத்தையல்ல, அதன் மறுமுனையை.