உப்பு கூடினால் வேர்முடிச்சு குறையும்

மாணவர்களே, பச்சைப்பயறுச் செடியின் வேர்முடிச்சுகளில் ரைசோபியம் பாக்டீரியா வாழ்கிறது. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி பயன்படுத்தும் வடிவுக்கு மாற்றித் தருகிறது. பதிலுக்குச் செடி சர்க்கரை தருகிறது.

மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை எளிதில் உறிஞ்ச முடியாது. பாக்டீரியா நுழையும் வேர்த்தூவிகளும் சரிவர வளர்வதில்லை. பாக்டீரியா பிழைத்திருந்தாலும் முடிச்சுகள் குறைகின்றன.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் வயல்களில் கடல்நீர் புகுந்தது. அங்கு மண்ணைச் சீர்ப்படுத்தத் தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள். அதுவும் அவரைக் குடும்பச் செடிதான். ஆனால் உப்பைத் தாங்கும்.

தெம்பனிஸ் வீவக வீட்டிலும் சோதிக்கலாம். தோட்ட மண் நிரப்பிய இரு தொட்டிகளில் பச்சைப்பயறு விதையுங்கள். முளைத்தபின், ஒன்றுக்கு மட்டும் லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்புக் கரைத்த நீர் ஊற்றுங்கள். தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும், கவனம்! நான்கு வாரம் கழித்து முடிச்சுகளை எண்ணுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வேலை செய்கிறது.