துளையும் மணியும்

நுழையும்முன்
துளையில்லாத கல்லை நூலில் கோக்க இயலாது. சிறு துளை ஒன்றே கல்லை மணியாக்குகிறது. அத்துளையை இட்ட கைவினைஞரின் அறிவையும், மணியைக் காதணியாக்கும் எளிய முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

கொடுமணலின் கல்மணிகள்
ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் ஆற்றின் வடகரையில் அமைந்துள்ளது கொடுமணல். பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பர் ஆய்வாளர். இங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம், நீலக்கல் முதலியவற்றாலான மணிகள் கிடைத்துள்ளன. முழுமை பெற்ற மணிகளோடு, செய்முறையின் பல நிலைகளில் நின்றுபோன கற்களும் கிடைத்தன. கொடுமணல் மணிகளை வாங்கி அணிந்த ஊர் மட்டுமன்று. அவற்றைச் செய்த ஊரும் ஆகும் என்பதற்கு அவையே சான்று.

பளிங்கும் சூதுபவளமும் கடினத்தன்மையில் மோ அளவுகோலின் 7ஆம் படியைச் சேர்ந்தவை. எஃகுக் கத்தி அவற்றைக் கீறாது. அவற்றைத் துளைக்க அவற்றினும் கடினமான பொருள் வேண்டும். குசராத்தின் காம்பேயில் வாழும் மணிக்கைவினைஞர், நுனியில் வைரத்துணுக்குகள் பதித்த துளைக்கருவியை வில்லால் சுழற்றித் துளையிடும் மரபினர். ஒரு பக்கத்திலிருந்து பாதியளவு துளைத்தபின் கல்லைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து துளைப்பர். கை சற்றே விலகினாலும் இரு துளைகளும் நடுவில் சந்திக்கா. அதுவரை பட்ட பாடு வீணாகும்.

இழுத்து அமைத்த கண்ணாடி
கண்ணாடியில் இச்சிக்கலுக்கு வேறொரு தீர்வு காணப்பட்டது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். அவ்வூர் சிறு கண்ணாடி மணிகளுக்குப் பெயர்பெற்றது. ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் நெடுங்காலம் தொடர்ந்த தொழில், அத்தகைய மணிகளின் செய்முறையை உணர்த்துகிறது. உருகிய கண்ணாடித் திரளின் நடுவே துளையிட்டு, அதன் முனையைக் கொக்கியால் பற்றி இழுப்பர். திரள் மெல்லிய குழலாக நீளும்போது துளையும் உடன் நீளும். குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, துளை அடைபடாதவாறு சாம்பலுடன் சேர்த்துச் சூடேற்றுவர். கூரிய விளிம்புகள் மழுங்கி, உருண்டை மணிகள் உருவாகும். தனித்தனியே துளையிடும் உழைப்பு இம்முறையில் இல்லை.

வீட்டில் ஒரு காதணி
இன்று துளையிட்ட மணிகள் கடைகளில் எளிதில் கிடைக்கின்றன. பெரிய மணிகள் இரண்டு, சிறு மணிகள் நான்கு, ஒரு முனையில் தட்டையான தலையுடைய கம்பிகள் இரண்டு, காதுக்கொக்கிகள் இரண்டு, உருண்டைமூக்குக் குறடு, வெட்டுக்குறடு ஆகியவை இருந்தால் ஓர் இணைக் காதணி செய்யலாம்.

சிறு மணி, பெரிய மணி, சிறு மணி என்னும் முறையில் கம்பியில் கோக்க வேண்டும். மேல்மணியை ஒட்டிக் கம்பியைச் செங்கோணத்தில் மடக்கி, ஏறத்தாழ 1 செ.மீ. விட்டு எஞ்சியதை வெட்ட வேண்டும். அம்முனையைக் குறட்டால் பற்றி, மடக்கிய திசைக்கு எதிர்த்திசையில் சுருட்டினால் வளையம் அமையும். குறட்டின் மூக்கில் மையால் ஓர் அடையாளம் இட்டு, இரண்டு வளையங்களையும் அவ்விடத்திலேயே சுருட்டினால் அளவு ஒத்திருக்கும்.

வளையத்தைக் கொக்கியில் மாட்டும்போது அகல விரிக்கலாகாது, வடிவம் கெடும். பக்கவாட்டில் திருகித் திறந்து, மாட்டியபின் அவ்வாறே திருகி மூட வேண்டும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் மணி நழுவக்கூடும். நிக்கல் கலந்த உலோகம் சிலருக்கு அரிப்பையும் புண்ணையும் உண்டாக்கும். அத்தகையோர்க்கு வெள்ளிக் கொக்கி ஏற்றது. எடை மிகுந்த மணிகள் காதுத் துளையை நாளடைவில் நீளச்செய்யும்.

மணியின் விலை
பளிங்கு இனக் கற்களைத் தீட்டும்போது சிலிக்காத் தூசி எழுகிறது. அதனைத் தொடர்ந்து சுவாசிப்போரின் நுரையீரல் தழும்பேறி, மூச்சு சுருங்குகிறது. சிலிக்கோசிசு எனப்படும் இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. காம்பேயின் கல்தீட்டும் தொழிலாளர் பலர் இதற்கு ஆளாகியுள்ளனர். நீர் தெளித்துத் தீட்டுதலும், தூசியை உறிஞ்சும் கருவிகளும் இந்நோயைத் தடுக்க உதவுவன. கடையில் ஒரு கல்மணியின் விலையைக் கேட்போர், அதனைத் தீட்டியவரின் மூச்சையும் அவ்விலையில் சேர்த்து எண்ணுதல் தகும்.

கற்பவை கற்றபின்
1. கல்மணியிலும் கண்ணாடி மணியிலும் துளை அமையும் முறைகளை ஒப்பிட்டு எழுதுக.
2. உங்கள் பகுதியில் வாழும் கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களைத் தொகுக்க.