அப்ஸ்ட்ராக்ட் அழைப்பிதழ் அல்ல

நம் ஊர்க் கருத்தரங்குகளில் பழகியவர்களுக்கு ஆய்வுச் சுருக்கம் என்பது ஒரு சடங்கு. தலைப்பு, பெயர், கல்லூரி முகவரி, அரைப் பக்கம் எழுத்து, கட்டணம் கட்டிய ரசீது. நாலே நாளில் ஏற்புக் கடிதம் வந்துவிடும். கட்டுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஊருக்குப் போகும் பேருந்தில்கூட முடித்துவிடலாம். இதே பழக்கத்தோடு வெளிநாட்டு மொழியியல் மாநாட்டுக்கு எழுதிப் போட்டால் பெரும்பாலும் நிராகரிப்புதான் வரும். அதற்கு நாம் சொல்லிக்கொள்ளும் காரணங்கள் சுவையானவை, ஆனால் தவறானவை.

பேச்சு பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரே மாநாட்டை எடுத்துக்கொள்கிறேன். சொசைட்டாஸ் லிங்குயிஸ்டிகா யூரோபியா, சுருக்கமாக எஸ்.எல்.இ., 1966இல் தொடங்கிய மொழியியல் சங்கம். அதன் ஆண்டு மாநாடு கோடை முடிவில் ஏதாவது ஓர் ஐரோப்பிய நகரத்தில் கூடும். 2023இல் ஏதென்ஸ், 2024இல் ஹெல்சிங்கி, 2025இல் போர்தோ.

நம்பிக்கை: “தமிழ் என்றால் அவர்கள் எடுக்கமாட்டார்கள்.”

இதைச் சொல்லாத ஆய்வு மாணவரை நான் பார்த்ததில்லை. உண்மை நேர்மாறு. ‘எனக்குப் பசிக்கிறது’ என்ற இரண்டு சொல் வாக்கியத்தில் பசிப்பவர் நான்தான்; ஆனால் ‘நான்’ என்று எழுவாயாக வராமல் நான்காம் வேற்றுமை ஏற்று ‘எனக்கு’ என்று நிற்கிறேன். வினைமுற்றோ என்னைக் கண்டுகொள்ளாமல் ஒன்றன்பாலில் முடிகிறது. நான்காம் வேற்றுமை எழுவாய், உணர்வோர் எழுவாய் என்றெல்லாம் அழைக்கப்படும் தெற்காசிய மொழிகளின் இந்தப் போக்கைப் பற்றித் தொகுப்பு நூல்களே வந்திருக்கின்றன; வர்மாவும் மோகனனும் பதிப்பித்த 1990ஆம் ஆண்டுத் தொகுப்பு அவற்றில் ஒன்று. ஆக, சரக்குக்குக் கிராக்கி இருக்கிறது. பிசகுவது அதை எடுத்து வைக்கும் விதத்தில்.

உங்கள் சுருக்கத்தைப் படிக்கப்போகும் இரண்டு மூன்று பேருக்குத் தமிழ் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பின்னிய மொழியில் வேலை செய்பவராக இருக்கலாம், இன்னொருவர் பாஸ்கில். அவர்களுக்காகத்தான் லைப்சிக் நெறிகள் என்று ஒரு பொது வழக்கம் இருக்கிறது. எடுத்துக்காட்டு மூன்று வரியில் வரவேண்டும். முதல் வரியில் ‘என்-அக்கு பசி-க்கிற்-அது’ என்று உருபன்களை இடைக்கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். இரண்டாம் வரியில் ஒவ்வொரு துண்டுக்கும் நேர் கீழே பொருள்: நான்-நான்காம் வேற்றுமை, பசி-நிகழ்காலம்-ஒன்றன்பால். மூன்றாம் வரி மொழிபெயர்ப்பு. மேல் வரியில் எத்தனை இடைக்கோடோ கீழ் வரியிலும் அத்தனை இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் படிப்பவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார்; அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அரை மனதோடுதான் கேட்பார்.

ரோமன் எழுத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையில் றகரத்துக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு அடியில் உள்ள ஒரு சின்னக் கோடுதான். பிடிஎஃப் ஆக மாற்றும்போது அந்தக் கோடு உதிர்ந்தால் ‘மறம்’ ‘மரம்’ ஆகிவிடும். நீங்கள் எழுதியதோ றகர ரகர வேறுபாட்டைப் பற்றிய ஆய்வு என்றால், அன்று உங்களைக் காப்பாற்ற யாரும் இல்லை. பிடிஎஃப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அனுப்புவது நல்லது.

நம்பிக்கை: “சுருக்கம் என்பது என்ன பேசப்போகிறோம் என்ற அறிவிப்பு.”

‘இக்கட்டுரை ஆராய முற்படுகிறது’ என்ற வாக்கியத்தை நாம் எல்லோரும் எழுதியிருக்கிறோம், நானும்தான். மதிப்பீட்டாளர் கேட்பது என்ன ஆராய்வீர்கள் என்பதை மட்டும் இல்லை. ஆராய்ந்து என்ன கண்டீர்கள் என்பதையும். கேள்வி, தரவு, அதை வைத்து வாதம், ஒரு முடிவு, இவ்வளவும் 500 சொல்லுக்குள் வேண்டும். துணைநூல் பட்டியல் மட்டும் கணக்கில் சேராது. இதில் முதல் 60 சொல்லை ‘உலகின் தொன்மையான செம்மொழிகளுள் ஒன்றான’ என்று தொடங்கிச் செலவழிப்பவர்கள் உண்டு. தமிழின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்காம் வேற்றுமை எழுவாய் பற்றிய வாதத்தை அது ஓர் அங்குலமும் நகர்த்தாது.

நம்பிக்கை: “பெயர் பெற்ற வழிகாட்டி இருந்தால் போதும்.”

பெயர் மறைத்தே மதிப்பிடுகிறார்கள். யார் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரியக்கூடாது. பெயரை நீக்கிவிட்டு ‘எனது முனைவர் பட்ட ஆய்வில் நிறுவியபடி’ என்று உள்ளே எழுதினால் மறைத்ததற்குப் பொருளில்லை. வேர்டு கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும்; சிலருக்கு அதில் பிரவுசிங் சென்டர்க்காரரின் பெயர் இருக்கும். அதையும் அழித்துவிடுங்கள்.

ஐந்தாறு அனுப்பினால் ஒன்றாவது தேறும் என்ற கணக்கும் இங்கே செல்லாது. தனியாக ஒன்று, கூட்டாக ஒன்று என்ற அளவில்தான் அனுமதி.

நம்பிக்கை: “ஒர்க்‌ஷாப் என்றால் பயிற்சி வகுப்பு.”

பட்டறை என்றதும் நமக்கு நினைவு வருவது உறை, குறிப்பேடு, பேனா, மதிய உணவு, கடைசியில் சான்றிதழ். எஸ்.எல்.இ. போன்ற மாநாட்டில் ஒர்க்‌ஷாப் என்பது ஒரே பொருளைச் சுற்றிப் பலர் கட்டுரை வாசிக்கும் தனி அமர்வு. யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. ‘சார், எனக்கு அவ்வளவு அனுபவம் இல்லை’ என்று இளைஞர்கள் ஒதுங்கிப் போவது இந்தச் சொல் செய்த குழப்பத்தால்தான்.

இப்படி ஓர் அமர்வை நடத்த விரும்பும் அமைப்பாளர்கள் இலையுதிர் காலத்தில் அழைப்பு விடுவார்கள். ஆர்வமுள்ளவர்கள் 300 சொல் அளவில் ஒரு குறுஞ்சுருக்கம் அனுப்புவார்கள். அமைப்பாளர்கள் தம் பொருளை விளக்கி, தீராத கேள்விகள் எவை என்று காட்டி, பங்கேற்பாளர் பட்டியலையும் சேர்த்து நவம்பர் 20க்குள் முன்மொழிவைக் கொடுப்பது வழக்கம். டிசம்பர் நடுவில் முடிவு தெரியும். பட்டியலில் பெரிய பெயர்கள் இருந்தால் போதாது. ‘திராவிட மொழிகள்: சில பார்வைகள்’ என்று வைத்தால் அது அமர்வுக்குத் தலைப்பாகாது, மலர் வெளியீட்டுக்கு வேண்டுமானால் பொருந்தும். ‘உணர்வோர் எழுவாய் எழுவாய்தானா?’ என்று கேட்டால், கன்னடத்தில் வேலை செய்பவரும் ஐஸ்லாந்திய மொழியில் வேலை செய்பவரும் ஒரே அறையில் உட்கார்ந்து சண்டை போட ஓர் இடம் கிடைக்கும். ஐஸ்லாந்திய மொழியிலும் இதே நான்காம் வேற்றுமைச் சிக்கல் உண்டு.

அதோடு கதை முடிவதில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். ஒர்க்‌ஷாப் ஏற்கப்பட்டதும் தம் கட்டுரையும் ஏற்கப்பட்டுவிட்டதாக நினைத்து பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஜனவரி 15க்குள் முழு 500 சொல் சுருக்கத்தை மறுபடி அனுப்ப வேண்டும். அது மற்றவர்களுடையதைப் போலவே பெயர் மறைத்து மதிப்பிடப்படும், தள்ளவும் படலாம். அமைப்பாளர் நண்பர் என்பது அங்கே உதவாது.

நம்பிக்கை: “கடைசித் தேதியை எப்படியும் நீட்டிப்பார்கள்.”

நம் ஊரில் நீட்டிப்பார்கள். அங்கே அதை நம்பி உட்காராதீர்கள். ஒரு சின்னச் சலுகை மட்டும் உண்டு: பல மாநாடுகள் ‘எனிவேர் ஆன் எர்த்’ என்று போடும். உலகில் எங்காவது ஓரிடத்தில் அந்தத் தேதி மிச்சமிருக்கும்வரை செல்லும் என்று பொருள். இந்திய நேரப்படி மறுநாள் மாலை ஐந்தரை மணி. அறிவிப்பில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

இரண்டே நாளில் ‘மதிப்பிற்குரிய பேராசிரியரே’ என்று ஏற்புக் கடிதம் அனுப்பி, மொழியியலையும் மருந்தியலையும் கட்டடப் பொறியியலையும் ஒரே விடுதியில் நடத்தும் மாநாடுகளும் உண்டு. அங்கே யாரும் எதையும் படிப்பதில்லை. பணத்தைக் கட்டிவிட்டு என்னிடம் வந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

நிராகரிப்பு வந்தால் மனம் கசக்கும். இரண்டு நாள் கழித்து மதிப்புரைகளைத் திறந்து படியுங்கள். முன்பின் தெரியாத நிபுணர்கள் காசு வாங்காமல் உங்கள் வாதத்தின் ஓட்டைகளைச் சுட்டியிருப்பார்கள். சிலர் அலட்சியமாகவும் எழுதியிருப்பார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. திருத்தி அடுத்த மாநாட்டுக்கு அனுப்பத் தடையேதும் இல்லை.

இந்த முறை எழுதி முடித்ததும், தமிழும் தெரியாத, உங்கள் தலைப்பும் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஐந்து நிமிடம் படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவர் ‘சரி, என்ன கண்டுபிடித்தீர்கள்?’ என்று கேட்டால், இன்னும் அனுப்பாதீர்கள்.